மாலை ஆறு மணி முதல் பதினொன்று வரை

காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ ஒரு பிள்ளை எம்.பி.ஏ. படிக்க வெளிநாடு கிளம்பினால் வீட்டில் மூன்று கேள்விகள் வரும். குளிரைத் தாங்குவாயா, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய், செலவு எவ்வளவு ஆகும். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் போன இடத்தில் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இவற்றால் இல்லை, நேரத்தால்.

வகுப்பு காலை எட்டரைக்குத் தொடங்கி மூன்று, நான்கு மணி வரை போகும். அதற்குப் பிறகு ஏதாவது கம்பெனி வந்து பேசும், குழுக் கூட்டம் இருக்கும். அறைக்குத் திரும்ப ஆறாகிவிடும். மறுநாள் வகுப்புக்கு இரண்டு, சில நாள் மூன்று கேஸ் படித்திருக்க வேண்டும். ஒரு கேஸ் என்பது ஒரு கம்பெனியின் உண்மைச் சிக்கலை 10 முதல் 25 பக்கத்தில் எழுதி, பின்னால் நான்கைந்து பக்கம் அட்டவணைகளைச் சேர்த்துத் தருவது. ஒழுங்காகப் படிக்க ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஆக, மாலை ஆறு முதல் பதினொன்று வரை உள்ள ஐந்து மணி நேரம்தான் உங்கள் முதல். சமையலுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் ஒரு கேஸ் படிக்காமல் போகும். மறுநாள் வகுப்பில் அந்த ஒரு கேஸுக்குத்தான் உங்கள் பெயர் கூப்பிடப்படும்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்கள் தங்கித் தொழில் நடத்திய கூடங்களான கிட்டங்கிகளில் ஆளுக்கு ஒரு பெட்டி, உட்கார்ந்து எழுதக் கொஞ்சம் இடம், இரவில் அதே இடத்தில் படுக்கை. சமையலுக்கு எல்லாருக்கும் பொதுவாக ஓர் ஆள். பெட்டியடிப் பையன் என்ற கீழ்நிலை வேலைக்குப் போனவன் அடுத்தாளாகி மேலாளாகும் வரை கற்றது முழுவதும் அந்தக் கூடத்தில்தான். அன்றைய கணக்கை அன்றைக்கே எழுதி முடிக்காமல் படுக்கக் கூடாது என்பது சட்டம் மாதிரி. பொதுச் சமையல் இருந்ததால்தான் கணக்கு எழுத மாலை மிஞ்சியது. நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கும் இன்றைய மாணவர்களுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கேஸை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பாடப்புத்தகம் மாதிரி, மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு வாசிப்பதுதான் முதல் மாதம் எல்லாரும் செய்யும் பிழை. பத்தரை மணிக்கு முடிப்பார்கள், என்ன முடிவெடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. வேறு மாதிரி செய்யுங்கள். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படியுங்கள். யார், எதை, எப்போதைக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது அந்த இரண்டில் பெரும்பாலும் இருக்கும். பிறகு உள்தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அடுத்ததாக அட்டவணைகளுக்குப் போய், ஒவ்வொன்றும் எதற்காக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். இதற்கு 15 நிமிடம் போதும். அதன் பிறகு முழுவதையும் வாசிக்க 40 நிமிடம், கணக்குப் போட 30 நிமிடம். கடைசியாக அரைப் பக்கத் தாளில் நான்கு விஷயம்: உங்கள் முடிவு, மூன்று காரணம், நீங்களே கணக்கிட்ட ஓர் எண், உங்களை எதிர்ப்பவர் என்ன சொல்வார் என்பது. இந்த அரைப் பக்கத்தோடு வகுப்புக்குப் போனால் போதும். கேஸ் முழுக்க மனப்பாடமாக இருந்து இது இல்லாவிட்டால் வாய் திறக்க முடியாது.

மறுநாள் காலை வகுப்புக்கு முன் ஐந்தாறு பேர் கொண்ட படிப்புக் குழு அரை மணி நேரம் கூடும். கேஸை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு சுருக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பிறர் எழுதிய சுருக்கத்தில் அவர்களுடைய முடிவு இருக்கும், எண் எங்கிருந்து வந்தது என்பது இருக்காது. பேராசிரியர் அந்த எண்ணைத்தான் நோண்டுவார். பிரித்துக்கொள்வதானால் கணக்கு வேலையைப் பிரியுங்கள். ஒருவர் பணப்புழக்கம், ஒருவர் சந்தை அளவு என்று எடுத்துக்கொண்டு எக்செல் தாளை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

வகுப்பில் பேசுவது தனிக் கலை. 1908இல் தொடங்கிய ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் ஒரு பிரிவுக்கு 90 பேர் வரை உட்காருவார்கள். பல பாடங்களில் பாதி மதிப்பெண் வகுப்பில் பேசுவதற்கே. மற்ற பள்ளிகளில் இது குறையலாம், ஆனால் இல்லாமல் போகாது. நம் பிள்ளைகள் வாக்கியத்தை மனசுக்குள் முழுசாகக் கட்டி முடித்த பிறகு கையைத் தூக்குகிறார்கள். அதற்குள் பேச்சு விலையிலிருந்து விநியோகத்துக்குத் தாவியிருக்கும். மணி ஆக ஆக நல்ல கருத்துகளைப் பிறர் சொல்லிவிடுவார்கள். ஆகவே முதல் 20 நிமிடத்துக்குள் ஒரு முறை பேசிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 விநாடி போதும். முன்னால் பேசியவரின் பெயரைச் சொல்லி, அவர் கருத்தோடு எங்கே ஒத்துப்போகிறீர்கள், உங்கள் எண் எதைக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். நம்மவர் ஆங்கிலம் புரியவில்லை என்று யாராவது சொன்னால் முக்கால்வாசி வேகம்தான் காரணம்.

சொல்வதற்குச் சரக்கு இல்லை என்று செட்டிநாட்டுப் பிள்ளை யாரும் நினைக்கக் கூடாது. கடன் அபாயம் பற்றிய வகுப்பா? கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் விளையும் 13 மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். நிலம் வாங்க அவர்கள் போகவில்லை. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, அடமானம் நிலமாகக் கைக்கு வந்தது. கையிருப்பாகச் சுழல வேண்டிய முதல், விற்க முடியாத மண்ணாக உறைந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அடமானம் இருக்கிறது என்பதும் பணம் திரும்பும் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல கேஸ் கிடையாது. வட்டி நிர்ணயம் பற்றிய வகுப்பா? ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி விகிதத்தை முடிவு செய்தார்கள். லண்டன் வங்கிகள் தங்களுக்குள் வட்டியைச் சொல்லி லைபார் என்ற பொது விகிதத்தைப் போட்ட வேலை இதற்கு நெருங்கிய உறவு. லைபாரில் பொய் விகிதம் சொன்ன விவகாரம் 2012இல் வெடித்தது, டாலர் லைபார் 2023 ஜூனோடு முடிந்தது. ஒருவரையொருவர் முகம் பார்த்து, அடுத்த மாதமும் அதே கோயிலில் நிற்க வேண்டியவர்கள் சொல்லும் விகிதத்துக்கும், தொலைபேசியில் சொல்லும் விகிதத்துக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வியை நீங்கள் போட்டால் வகுப்பு பத்து நிமிடம் அதையே பேசும். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தது என்பதும் அப்படித்தான். சர்வதேச வணிக வகுப்புக்கு அது உங்கள் ஊர்ச் சரக்கு. ஆனால் பருவத்துக்கு இரண்டு முறைக்கு மேல் ஊர்க் கதை எடுக்காதீர்கள். மூன்றாவது முறை கேட்பவர்களுக்கு அலுக்கும்.

கணக்குப் பதிவியல் பாடத்தில் முதல் இரண்டு வாரம் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் டெபிட், கிரெடிட்டில் குழம்புவார்கள். பணம் வந்தால் வரவு என்று பழகிய நமக்கு, ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் டெபிட், அதாவது பற்று, என்று எழுதச் சொன்னால் தலை சுற்றும். பழைய பேரேட்டு வழியில் பாருங்கள், ஒரே நிமிடத்தில் தெளியும். பேரேட்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு பேர். வாங்கியவர் பேரில் பற்று, கொடுத்தவர் பேரில் வரவு. வங்கி உங்களுக்கு 10,000 கடன் தருகிறது. கொடுத்தது வங்கி, அதன் பேரில் வரவு. வாங்கியது யார்? உங்கள் பணப்பெட்டி. ரொக்கம் என்ற பேரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, அவன் வாங்கினான், அவன் பேரில் பற்று. அவ்வளவுதான். சரக்கு, கட்டடம், வாடகை எல்லாவற்றையும் இப்படிப் பேராக நினைத்துக்கொண்டால் ஒரு பதிவும் தப்பாது. கடைசியில் எல்லாப் பேரையும் கூட்டி எடுக்கும் ஐந்தொகையை வீட்டில் யாராவது பெரியவர் எழுதிப் பார்த்திருந்தால் கிளம்பும் முன் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

நிதிப் பாடத்துக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ டூ பிளஸ் கால்குலேட்டரை நிறையப் பேர் வாங்குவார்கள். பரீட்சையில் அது சதி செய்வது பெரும்பாலும் மூன்று இடத்தில். முந்தைய கணக்கின் எண்கள் உள்ளே தங்கியிருக்கும், ஒவ்வொரு கணக்குக்கும் முன் அழிக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை தவணை என்ற அமைப்பு 12இல் கிடந்தால் ஆண்டுக் கணக்கு எல்லாம் தப்பும், 1இல் வையுங்கள். போட்ட பணத்தை மைனஸாகக் கொடுக்காமல் எல்லாவற்றையும் பிளஸாகக் கொடுத்து வட்டியைக் கேட்டால் எரர் 5 என்று காட்டும். கருவி பழுதில்லை, கையை விட்டுப் போன பணமும் கைக்கு வந்த பணமும் ஒரே பக்கம் நிற்கின்றன என்று பொருள்.

இனி அடுப்படி. மாலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் இதைச் சரி செய்ய வேண்டும். வார நாளில் அடியிலிருந்து சமைப்பது கட்டுப்படியாகாது. தினமும் வெளியே வாங்கினால் பையும் தாங்காது, வயிறும் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் அடித்தொக்கு ஒன்று செய்து வையுங்கள்.

அதற்கு ஊரிலிருந்தே பொடி கொண்டுபோக வேண்டும். மல்லி 200 கிராம், குண்டு மிளகாய் 100, சோம்பு, சீரகம், மிளகு தலா 40, பட்டை 10, கிராம்பு 5, கல்பாசி 5, மராட்டி மொக்கு நான்கு, அன்னாசிப்பூ நான்கு. தனித்தனியாக, எண்ணெய் இல்லாமல், இளந்தீயில் வறுத்து, முழுக்க ஆறிய பிறகு அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஈரம் கட்டி இரண்டு மாதத்தில் பொடி பூத்துவிடும். கசகசாவைச் சேர்க்கவே கூடாது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். துபாய் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். வீட்டில் அப்பத்தா குருமாப் பொடி அரைத்துக் கொடுத்தால் அதில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பெட்டியில் வையுங்கள்.

தொக்குக்கு ஒரு கிலோ பெரிய வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி, 20 பல் பூண்டு, 150 மில்லி நல்லெண்ணெய். வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்டு, நடுத்தீயில் 25 நிமிடம் வதக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும், ஒரு வாரம் அந்தக் கசப்பையே சாப்பிட வேண்டியதுதான். பூண்டு, பிறகு தக்காளி. தக்காளி கரைந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, மூன்று மேசைக்கரண்டி பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். உலர்ந்த பொடியைச் சூடான எண்ணெயில் நேராகக் கொட்டினால் மிளகாய் நெடி கூரைக்கு ஏறி, புகை உணர்த்தி அலறும். சில விடுதிகளில் அது நேராகத் தீயணைப்புத் துறைக்கே போகும், நடுக்குளிரில் கட்டடமே வெளியே நிற்கும். உணர்த்தியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தீ விபத்துக்கும் வழி, வாடகை ஒப்பந்தத்தையும் மீறுவதாகும். ஜன்னலைத் திறந்து, அடுப்பு மேலுள்ள விசிறியைத் தாளிக்கத் தொடங்கும் முன்பே போட்டுவிட்டால் போதும்.

எண்ணெய் பிரிந்ததும் ஐந்து டப்பாவில் பிரித்து, ஆறியவுடன் இரண்டு குளிர்பெட்டியிலும் மூன்று உறைபெட்டியிலும். குளிர்பெட்டியில் நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஒரு டப்பாவோடு நெல்லிக்காய் அளவு புளிக் கரைசலும் வதக்கிய பூண்டும் சேர்த்தால் 15 நிமிடத்தில் பூண்டுக் குழம்பு. நான்கு அவித்த முட்டை போட்டால் முட்டைக் குழம்பு. 400 கிராம் கோழியும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் சேர்த்தால் 25 நிமிடம். ஆளுக்கு ஒரு ஞாயிறு என்று நான்கு பேர் முறை வைத்து, அளவை நான்கு மடங்காக்கிவிட்டால் மாதத்தில் மூன்று ஞாயிறு மிச்சம்.

பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்புதான். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. நம் அலுமினியக் குக்கரும், அலுமினியப் பணியாரச் சட்டியும் பெட்டியில் எடை கட்டியதுதான் மிச்சம். இரும்புப் பணியாரச் சட்டி வேலை செய்யும். மிக்ஸியை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கொண்டுபோக வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது. பிளக் மாட்டும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. பிரிட்டன், சிங்கப்பூர், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் வோல்ட் ஒத்துவரும், பிளக் மட்டும் வேறு. குளிரில் இட்லி மாவு பொங்க மறுக்கும். ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுச் சட்டியை 10, 12 மணி நேரம் அதற்குள் வைத்தால் பொங்கிவிடும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். உள்ளே சட்டி இருப்பது தெரியாமல் கூட இருப்பவர் பீட்சாவுக்கு அதை முடுக்கிவிடுவார்.

பெட்டி கட்டும்போது தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை போன்ற உலர் பலகாரங்களுக்கு இடம் ஒதுக்கலாம். பிரிட்டனுக்கு இந்தியாவிலிருந்து நெய், பால்கோவா, உப்புக்கண்டம் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சைக் குடும்பத்தைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழ்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போனால் உணவு எதுவாக இருந்தாலும் படிவத்தில் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகம் போனால் பறிமுதல், மறைத்தால் அபராதம்; விசாவுக்கே ஆபத்து வரலாம்.

வீட்டு வாடகையில் இரண்டே விஷயம். நேரிலோ நம்பகமான ஒருவர் மூலமோ பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, அடுப்பு, மெத்தை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால் முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, அதையும் 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும்.

கடனைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆயிரம் சன்னல் வீடு மாதிரிப் பெரிய வீடு இருக்கிறது, அதைக் காட்டினால் வங்கி கொடுக்காதா என்று நினைத்துக் கடைசி நேரத்தில் போகிறவர்கள் பலர். பூர்வீக வீடு 20, 30 புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்குள்ள சொத்து. பங்காளிகள் சென்னை, பினாங்கு, நியூ ஜெர்சி என்று இருப்பார்கள். பிரிக்கப்படாத பங்கை வங்கி பொதுவாக அடமானமாக ஏற்காது, எல்லாப் பங்குதாரரின் கையெழுத்தும் கிடைப்பதற்குள் படிப்பே முடிந்துவிடும். விவசாய நிலத்தையும் ஏற்பது அரிது. தனிப் பெயரில் உள்ள மனை, வைப்புத்தொகை, எல்.ஐ.சி. பாலிசி, இவற்றில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மனை என்றால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு என்று வரிசையாக ஆகும், நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முன்னணிப் பள்ளிகளுக்கு அடமானம் இல்லாமலே கடன் தரும் வங்கிகளும் உண்டு, வட்டியை ஒப்பிட்டு எடுங்கள்.

படிக்கும் காலத்தில் தவணை கிடையாதே தவிர வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 40 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 4 லட்சம், மாதம் 33,333 ரூபாய். அதை வீட்டார் மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டிவிடுவது நல்லது. கட்டாத வட்டி பிறகு முதலோடு சேர்ந்து, வட்டிக்கு வட்டி போடத் தொடங்கும். நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே போன பிறகு தினச் செலவுக்கு ஒரு சிட்டை எழுதுங்கள், படுக்கப் போகும் முன் இரண்டு நிமிடம். ஒவ்வொரு காப்பியையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். அப்படிப் பெருக்கியே மதியச் சாப்பாட்டை விடும் பிள்ளைகள் உண்டு; மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் வந்து படுத்தால் நான்கு நாள் போய்விடும். வாடகை, கட்டணம், கடன் இந்த மூன்றை மட்டும் ரூபாயில் பாருங்கள், மீதியை அந்த ஊர்ப் பணத்தில் வாரத்துக்கு இவ்வளவு என்று கட்டி வையுங்கள்.

வேலை தேடுவது படிப்பு முடிந்த பிறகு என்று நினைத்திருந்தால் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். இரண்டாண்டுப் படிப்பில் முதல் பருவத்திலேயே ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் வளாகத்துக்கு வரத் தொடங்கிவிடும். இன்சியாட் மாதிரி 10 மாதப் படிப்பென்றால் இன்னும் நெருக்கம். தன்விவரத் தாள் ஒரே பக்கம். வீட்டுத் தொழிலில் இருந்ததைக் குடும்பத் தொழிலில் உதவினேன் என்று ஒரு வரியில் எழுதிப் புதைத்துவிடுகிறார்கள். சிமெண்ட் ஏஜென்சி என்றால் எத்தனை கடைக்குச் சரக்குப் போனது, கடன் பாக்கி வசூலாக முன்னே எத்தனை நாள், நீங்கள் பார்த்த பிறகு எத்தனை நாள், கிட்டங்கியில் சரக்கு எத்தனை நாள் கிடந்தது என்று எண்ணோடு எழுதுங்கள். பெரிய கம்பெனியில் இரண்டாண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தவரின் வரியைவிட அது கனமாக இருக்கும்.

ஆலோசனை நிறுவன நேர்காணலில் கால்குலேட்டர் கிடையாது, வாய்க்கணக்குத்தான். இங்கே நம் பழைய பின்ன வாய்ப்பாடு அப்படியே கைகொடுக்கும். மா என்றால் 20இல் ஒரு பங்கு, அதாவது 5 சதவீதம். காணி 80இல் ஒரு பங்கு, 1.25 சதவீதம். இரண்டும் சேர்ந்த மாகாணி 16இல் ஒரு பங்கு, 6.25 சதவீதம். அரைக்கால் 12.5. ஒரு சந்தையில் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூட என்று வந்தால் 16ஆல் வகுத்துவிட்டு நிமிரலாம். பதில் கிடைத்ததும் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அதனால் அந்த வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு அந்த ஒரு வரியை விட்டுத்தான் வாய்ப்பை இழக்கிறார்கள்.

பழைய மாணவர்களைச் சந்தித்துப் பேச 20 நிமிடம் கேட்பது அங்கே வழக்கம், கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்ட 20 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், அன்றைக்கே நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அவருடைய வேலையில் ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். வயதில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு எழாது. சார் என்று முடிக்காவிட்டால் மரியாதைக் குறைவாகத் தோன்றும். பல பள்ளிகளில் பேராசிரியரையே பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள், சிலவற்றில் புரொபசர் என்கிறார்கள். முதல் வாரம் கவனித்து அதன்படி நடந்துகொள்ளுங்கள். அந்த ஊர் மரியாதை நேரத்துக்கு வருவதிலும், சொன்னதைச் சொன்ன நாளில் அனுப்புவதிலும் இருக்கிறது.

வீட்டுக்குப் பேச ஒரு நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. நியூயார்க்குக்கு ஒன்பதரை, பத்தரை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். நியூயார்க்கில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரையோ ஆறரையோ. வீட்டின் உள்கட்டான வளவில் விளக்கேற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்கும் நேரம், உங்களுக்கும் வகுப்புக்கு நடந்து போகும் நேரம். அந்தப் பத்து நிமிடம் தினமும் போதும். வீட்டாரும் இதை ஏற்க வேண்டும். இங்கே விடிந்து, காலைக் காப்பி முடிந்ததும் அழைத்தால் அங்கே இரவு எட்டு, ஒன்பது மணி. பிள்ளை கேஸின் நடுவில் இருப்பான்.

நாட்காட்டியில் பிள்ளையார் நோன்பையும் இப்போதே குறித்துவிடுங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் வரும். பெரும்பாலும் டிசம்பரில், முதல் பருவப் பரீட்சை வாரத்துக்கு மிக அருகில். பல நகரங்களில் நகரத்தார், அதாவது நம் செட்டியார்கள், ஒன்றாகக் கூடி நோன்பை முடிக்கும் சடங்காக இழை எடுக்கிறார்கள். தேதியை அக்டோபரிலேயே விசாரித்து, அந்த மாலைக்குப் பதிலாக முந்தின ஞாயிறு எந்தப் பாடத்தைப் படிப்பது என்று எழுதி வைத்துக்கொண்டால் நிம்மதியாகப் போய்வரலாம். சிங்கப்பூரில் படிப்பவர்களுக்குத் தைப்பூசத்துக்கு முந்தின நாள் செட்டிப்பூசம் இருக்கிறது. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கியோங் செய்க் சாலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பும். அன்றைய கேஸை அதிகாலையிலேயே படித்துவிடுங்கள்.